நடவுக்கு வந்தவர்களும் நம் மஹல்லாவும்

1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் தென் தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் மாநாடு கூடியது. அங்கு நடந்த சமபந்தி விருந்தில் அமர்ந்து உண்டார்கள் என்பதற்காக, பண்ணையாட்களான ஆதிதிராவிடர் சிலர் அடிக்கப்பட்டனர், மொட்டையடிக்கப்பட்டனர், சாணிப்பால் புகட்டப்பட்டனர். ‘விடுதலை’ ஏடு இக்கொடுமையை வெளிக்கொணர்ந்து, அதற்காக அவதூறு வழக்கையும் சந்தித்தது. யாருக்குப் பக்கத்தில் அமர்ந்து சோறு உண்பது என்பதே குற்றமாயிருந்த ஊர் இது.

இன்று இவ்வட்டாரத்து வயல்களில் வங்காளமொழி கேட்கிறது. மேற்கு வங்கத்து இளைஞர்கள் குழுக்களாக வந்து, ஏக்கர் கணக்கில் கூலி பேசி நடவு செய்கின்றனர். இவர்களுள் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. ஜும்ஆவில் நம்மோடு தோள் சேர்ந்து நின்றவரை, ஸலாம் கொடுத்து எழுந்ததும் நாம் மறந்துவிடுகிறோம். ‘இந்திக்காரப் பையன்’ என்பதே அவருக்கு நாம் இட்ட பெயர். (அவருக்கு இந்தியும் சரிவர வராது என்பது வேறு செய்தி.)

அயலூர்ப் பிழைப்பின் துயரம் நமக்குப் புதிதன்று. கூத்தாநல்லூரிலும் பொதக்குடியிலும் சபுராளி இல்லாத குடும்பம் அரிது. பர்மா, மலாயா, சிங்கப்பூர், பின்னர் வளைகுடா என்று நம் முன்னோரும் பிள்ளைகளும் சென்றனர். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும், சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பதும், ஓர் அறையில் பத்துப் பேர் உறங்குவதும் நம் வீட்டுக் கடிதங்களில் வந்த செய்திகளே. அங்கே நமக்கு யாரேனும் குரல் கொடுக்கமாட்டார்களா என்று ஏங்கிய நாம், இங்கே வாய்மூடி இருக்கிறோம்.

ஜகாத்துக்கு உரியோராகத் திருக்குர்ஆன் (9:60) எண்ணிக் கூறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். நம் ஜகாத் பட்டியல்களில் அவ்வகைக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதை ஒவ்வொரு மஹல்லாவும் பார்த்துக்கொள்ளட்டும்.

இவர்கள் வந்ததால் தங்கள் நடவு வேலை போயிற்று என்று உள்ளூர்ப் பெண்கள் வருந்துவதை நாம் அலட்சியம் செய்ய இயலாது. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அதற்காகக் கேள்வி கேட்கப்பட வேண்டியவர், குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் தரகரும் அதில் இலாபம் காணும் நிலவுடைமையாளருமே. அவர்களுள் நம் ஜமாஅத்தாரும் உளர். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத், இரு தரப்புக்கும் ஒரே கூலி என்று சொல்லத் தயங்கலாகாது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது. தம் ஊர் அட்டைக்குரிய தானியத்தை அவர்கள் இங்கேயே விரல்ரேகை வைத்துப் பெறலாம். கடைக்கு உடன் சென்று எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவர் போதும். அவர்களில் ஒருவர் இங்கு மௌத்தாகிவிட்டால், கபரஸ்தானில் இடம் கேட்டு உடன் வந்தவர்கள் அலையும்படி விடலாகாது. ரமளானில் நோன்புக் கஞ்சியைத் தூக்கில் ஊற்றி வாசலோடு அனுப்பாமல், உள்ளே நம் ஸஹனில் அமர்த்துவோம். நடவு முடிந்தும் கூலி வரவில்லை என்று வந்து நிற்பவர் இந்துவாயினும், அவருக்காக நிலக்காரரின் வீட்டு வாசலுக்கு முத்தவல்லியே நடந்து செல்லட்டும்.