திரையில் தெரியாத புள்ளிகள்

பாலைவன மோட்டார்ப் பந்தயங்களில் செய்மதிக் கண்காணிப்பு இன்று கட்டாயமாகிவிட்டது. கரடுமுரடான பாதைகளில் சாகசப் பயணம் அழைத்துச் செல்லும் முகவர்களும் அதனையே தமது பாதுகாப்பு உத்தரவாதமாக முன்வைக்கின்றனர். நல்ல விடயந்தான். ஆனால், வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தவன் என்ற முறையில், இந்த உத்தரவாதம் யாருக்கு என்ற கேள்வி எனக்கு எழுகின்றது.

இவ்வகைப் பந்தயங்களில் மிகவும் பிரபலமான டாக்கார் பந்தயம், வழிதவறிய ஒருவரின் அனுபவத்தில் பிறந்தது. 1977 இல் அபிஜான்-நீஸ் பந்தயத்தில் கலந்துகொண்ட பிரெஞ்சுக்காரரான தியரி சபீன், தனது மோட்டார் சைக்கிளுடன் லிபியப் பாலைவனத்தில் திசை தெரியாது அலைந்து உயிர் தப்பினார். அவர் ஒழுங்குசெய்த பந்தயம் 1978 டிசம்பர் 26 ஆம் திகதி பாரிஸிலிருந்து செனகலின் தலைநகரான டாக்காரை நோக்கிப் புறப்பட்டது. 1982 ஜனவரியில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரட் தட்சரின் மகன் மார்க் அதே பந்தயத்தில் சகாராவில் காணாமற் போனார். ஆறு நாட்களின் பின்னரே அல்ஜீரிய இராணுவ விமானமொன்று, பாதையிலிருந்து சுமார் 50 கி.மீ. விலகி நின்ற அவரது வாகனத்தைக் கண்டுபிடித்தது. பிரதமரின் மகனுக்காகக் கிளம்பிய விமானங்கள் சாதாரணப் போட்டியாளர் ஒருவருக்காகவும் அவ்வாறே கிளம்பியிருக்குமா?

செய்மதிக் கருவி இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு நீக்கியது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் பலரும் குழப்பிக்கொள்ளும் விடயமொன்று இங்குண்டு. ஜீ.பி.எஸ். கருவி, சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செய்மதிகளின் சமிக்ஞைகளைப் பெற்றுத் தான் நிற்கும் இடத்தைக் கணிக்கின்றது. அந்த இடத்தை அது எவருக்கும் அறிவிப்பதில்லை. தொலைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலிருந்து அதனை அறிவிப்பதற்கு, சுமார் 780 கி.மீ. உயரத்தில் 66 செய்மதிகளைக் கொண்டு இயங்கும் இரிடியம் போன்றதொரு வலையமைப்பு வேண்டும். வழியைக் காட்டுவது ஒன்று. நம்மைப் பிறருக்குக் காட்டுவது வேறொன்று.

டாக்கார் ஏற்பாட்டாளர்கள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கின்றனர். பந்தயத்தில் வழங்கப்படும் கருவி, மறைக்கப்பட்ட வழிப்புள்ளிகளைக் குறித்த தூரத்துக்குள் வந்த பின்னரே சாரதிக்குக் காட்டும். அதுவரை வழிக்குறிப்பேட்டையும் திசைகாட்டும் அறிவையும் நம்பியே அவர் செல்ல வேண்டும். அதேவேளை, அவர் எங்கு நிற்கின்றார் என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும்.

ஆயினும் திரையில் தெரியும் புள்ளி வாகனத்தின் புள்ளியே. 2009 இல் பந்தயம் முதன்முறையாகத் தென்னமெரிக்காவில் நடைபெற்றபோது, பிரெஞ்சு மோட்டார் சைக்கிள் வீரர் ஒருவர் இரண்டாம் நாளில் ஆர்ஜென்டீனாவில் காணாமற் போனார். மூன்று நாட்களின் பின்னரே, அவரது வாகனத்துக்கு அருகிலேயே சடலம் கண்டெடுக்கப்பட்டது. தேடுதல் தாமதித்தமை கடும் கண்டனத்துக்கு உள்ளானது. சவூதி அரேபியாவில் நடைபெற்ற 2020 பந்தயத்தில், போர்த்துக்கல் வீரர் பாவுலோ கொன்சால்வெஸ் விழுந்த தகவல் காலை 10.08 இற்குக் கிடைத்தது, 10.16 இற்கு மருத்துவ ஹெலிகொப்டர் அவரிடம் சென்றடைந்தது. அவரைக் காப்பாற்ற இயலவில்லையெனினும், அந்த எட்டு நிமிடங்களில் எவரும் குறைகாண முடியாது. முன்னைய சம்பவத்தில் மூன்று நாட்கள், பின்னையதில் எட்டு நிமிடங்கள். செய்மதிகள் இரண்டு தடவையும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தன. கீழே பார்த்தவர்களும் முடிவெடுத்தவர்களுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இனி, எந்தத் திரையிலும் புள்ளியே இல்லாதவர்களைப் பற்றி. 2006 ஜனவரி 13 ஆம் திகதி கினியில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயக் காரில் மோதுண்டு இறந்தான். மறுநாள் செனகலில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், பந்தயத்தின் உதவி லொறியில் மோதுண்டு இறந்தான். இத்தகைய செய்திகள் எப்படி எழுதப்படும் என்பதை நான் அறிவேன். முதற் பந்தியில் அன்றைய வெற்றியாளர். கடைசிப் பந்தியில், பெரும்பாலும் பெயரின்றி, அந்தச் சிறுவன். இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவதும் கடைசிப் பந்திதான்.

இவர்களையும் காப்பதற்கு அதே கருவியைப் பயன்படுத்த முடியும். ஊர்மனைகளினூடாகச் செல்லும் பகுதிகளில் வேக எல்லை விதிக்கப்படுகின்றது. மீறுவோரின் வேகத்தைக் கருவி பதிவுசெய்கின்றது. நேரத் தண்டனையும் வழங்கப்படுகின்றது. ஆனால் அந்தத் தண்டனை போட்டியாளர்களுக்கு இடையிலான கணக்கு. எந்த ஊரை யார் எவ்வளவு வேகத்தில் கடந்தார் என்பது, முதலில் அந்த ஊராருக்குத் தெரியவேண்டிய தகவல் அல்லவா?

சாகசப் பயணங்களில் நிலைமை இன்னும் தளர்வானது. அங்கே நடுவர் இல்லை. வாடகைக்கு எடுத்த கருவியின் அபாயப் பொத்தானை அழுத்தினால், தகவல் எங்கோ தொலைதேசத்திலுள்ள ஒருங்கிணைப்பு நிலையத்துக்குச் செல்லும். அங்கிருப்பவர் உள்ளூர் அதிகாரிகளைத் தொடர்புகொள்வார். அந்த உள்ளூரில் ஹெலிகொப்டரோ, அம்புலன்ஸோ இல்லாவிட்டால், கடைசியில் வந்து தூக்குபவர் பக்கத்து ஊர்க்காரரே. லடாக் போன்ற இடங்களுக்குச் செல்லும் புலம்பெயர் தமிழர்கள் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நலம். இந்தியாவில் அனுமதியின்றிச் செய்மதித் தொலைபேசி வைத்திருப்பது குற்றமாகும். இதனால் கைதான வெளிநாட்டவர் பலர். செய்மதிவழிச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளும் இதற்கு விலக்கல்ல.

ஆகவே, பயணம் புறப்படுவோர் முகவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். எமது புள்ளியை இரவிலும் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? அது அசையாது நின்றால், எத்தனை நிமிடங்களில், யார் புறப்படுவர்? நாம் கடந்து செல்லும் ஊர்களில் எமது வேகத்துக்கு யார் பொறுப்பு? முதல் இரண்டுக்கும் பதில் வைத்திருக்கும் முகவர்கள் இருக்கக்கூடும். மூன்றாவதற்கும் பதில் சொல்பவரிடமே பணத்தைக் கொடுங்கள்.