முதுமைக்குத் துணை யார்?

முதியோர் இல்லம் ஒன்று புதிதாகத் திறக்கப்பட்டால், "இக்காலப் பிள்ளைகளுக்குப் பாசம் குறைந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். இக்கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. பாசத்தைக் காட்டிலும் மிகுதியாகக் குறைந்திருப்பவை, பெற்றோரின் அருகில் இருக்கும் ஆள்களும் அவர்களுக்கு ஒதுக்கப்படும் நேரமுமே ஆகும். நோயைத் தவறாகக் கணித்தால் மருந்தும் தவறாகவே அமையும்.

சேலம், நாமக்கல் சமவெளியையே எடுத்துக்கொள்வோம். இரு தலைமுறைகளுக்கு முன் இங்குப் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலமே வாழ்வாக இருந்தது. மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளைந்த தோட்டத்தின் நடுவே வீடு. அவ்வீட்டில் மூன்று தலைமுறையினர். நிலம் அப்பாருவின் பெயரில் இருந்ததால் அவர் சொல்லுக்கு மதிப்பும் இருந்தது. அப்பத்தா பேரப்பிள்ளைகளை வளர்த்தார். மருமகள் அப்பத்தாவைப் பேணினார். அங்கே அன்பு இருந்தது உண்மை. அந்த அன்பைத் தாங்கி நின்றவை நிலவுடைமையும் பெண்களின் கூலியில்லா உழைப்பும் என்பதும் உண்மை.

அந்தத் தாங்குதூண்கள் இன்று இடம்பெயர்ந்துவிட்டன. நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்கள் வாரக்கணக்கில் வெளிமாநிலச் சாலைகளில் இருக்கின்றனர். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு செல்வோர் வீடு திரும்ப மாதங்கள் ஆகின்றன. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகள் இரவிலும் ஓய்வதில்லை. படித்தவர்களைப் பெங்களூரும் சென்னையும் வெளிநாடுகளும் அழைத்துக்கொண்டன. தோட்டத்து வீட்டில் எஞ்சியிருப்போர் முதியவர் இருவர். சில ஆண்டுகளில் ஒருவர். மாதந்தோறும் பணம் வந்துவிடுகிறது. ஆனால், நள்ளிரவில் கால் இடறி விழுந்தவரை அந்தப் பணம் தூக்கி நிறுத்துமா?

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. நைஜீரியாவிலும் முதியோருக்குப் பெருந்துணையாக விளங்குவது குடும்பமே. ஓய்வூதியம் பெறுவோர் அங்குச் சிலரே. இளைஞர்கள் லாகோஸ் போன்ற பெருநகரங்களுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும்போது, ஊரில் எஞ்சும் பெற்றோரைப் பேணுவது எவ்வாறு என்னும் வினா அங்கும் எழுகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். நான்கைந்து பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட பொறுப்பு இன்று ஓரிரு பிள்ளைகள் மேல் விழுகிறது.

"ஊரும் அரசும் இப்பொறுப்பை ஏற்றால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்களே!" என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. அதனால்தான் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. புறக்கணிக்கப்பட்ட பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகிப் பராமரிப்புத் தொகை பெறலாம். தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் மீட்கவும் இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. பாகப்பிரிவினையும் தானப் பத்திரமும் மிகுந்த நம் வட்டாரத்தில் ஒவ்வொரு முதியவரும் கையெழுத்திடும் முன் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

எனினும், சட்டம் சோற்றுக்கு வழிசெய்யும். அருகில் அமர்ந்து பேசாது. புறநானூற்றுப் புலவர் ஒருவரின் இயற்பெயரை நாம் அறியோம். முதுமையில் அவர் ஊன்றிய கோலே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவருக்குப் பெயராயிற்று. இளமையில் ஆழ்ந்த மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டியதை அவர் நினைவுகூர்கிறார். அவர் உணவையோ பொருளையோ வேண்டவில்லை. தம் இளமையை யாரிடமேனும் சொல்ல விழைகிறார். கேட்க ஒரு செவி வேண்டும் என்பது ஈராயிரம் ஆண்டுப் பழமையான தேவை.

ஆகவே, முதியோரைப் பேணுதலை நாம் ஓர் உழைப்பாக மதித்துப் பங்கிட வேண்டும். முதற்பங்கு வீட்டுக்குள்ளேயே தொடங்குகிறது. மருமகளும் மகளும் மட்டுமே சுமக்கும் பணியில் மகனும் பேரனும் கைகொடுக்க வேண்டும். ஒருவரே சுமக்கும்போது ஏற்படும் களைப்புத்தான் நாளடைவில் கடுஞ்சொல்லாக மாறுகிறது.

அடுத்த பங்கு அரசுக்குரியது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 முதல் வழங்கப்படுகிறது. 2023இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மருந்துகளை வீட்டு வாயிலுக்கே கொண்டுவருகிறது. இவை போதா, ஆயினும் நல்ல தொடக்கங்கள்.

மூன்றாவது பங்கு ஊருக்குரியது. நம் சிற்றூர்களில் முதியோர் பலர் காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்ற வருகின்றனர். வழக்கமாக வருபவர் ஒருவேளை வராவிட்டால், அவர் வீட்டுக்கு ஓர் ஆள் சென்று பார்த்துவர வேண்டும் என்பதைச் சங்கமே நடைமுறையாக்கலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. உங்கள் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட அணி, ஊரில் தனித்து வாழும் முதியோரின் பட்டியலைத் தயாரிக்கலாம். அவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். மாத்திரை உண்ணும் வேளையைப் பெரிய எழுத்தில் குறித்துக் கொடுக்கலாம். முதியோர் உதவி எண்ணான 14567ஐச் சுவரில் எழுதி வைக்கலாம். பிறகு சற்று அமர்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்கலாம். இந்த வறண்ட நிலத்தில் கிணறு வெட்டி, ஏற்றம் இறைத்து, நம்மைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நாம் ஒதுக்கும் நேரம் சலுகையாகாது. நாம் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்.