வீரர்கள் கூடினால் போதுமா?

இரண்டு வாரங்களுக்கு முன்பு முதலாம் ஆண்டு மாணவர்களின் தடுப்பூசி ஒப்புதல் படிவங்களைத் திரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படிவத்தில் 'சம்மதமில்லை' என்று குறிக்கப்பட்டிருந்தது. தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். பணிவாகத்தான் பேசினார். "டீச்சர், எதிர்ப்புச் சக்திக்கென்றே பிள்ளைக்குத் தனியாக மாவு வாங்கிக் கலக்கிக் கொடுக்கிறோம். மாதம் 200 ரிங்கிட் ஆகிறது. பிறகு ஊசி எதற்கு? உடம்புக்குள் வீரர்கள் இருக்கிறார்கள், சத்துக் கொடுத்தால் கூடுவார்கள் என்று நீங்கள்தானே பெரியவளுக்குப் படித்துக் கொடுத்தீர்கள்!" என்றார்.

பெரியவள் ஆறாம் ஆண்டில் என் மாணவி. நுண்ணுயிர்கள் பாடத்திற்கு நான் காட்டும் மணிலா அட்டையைத்தான் அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஒருபுறம் வாளேந்திய வெள்ளை அணுக்கள். மறுபுறம் கொம்பு முளைத்த கிருமிகள். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது நான் செய்த பயிற்றுத்துணைப் பொருள் அது. விரிவுரையாளர் பாராட்டினார் என்பதற்காகவே நெகிழி உறையிட்டு இத்தனை ஆண்டுகள் காப்பாற்றி வந்திருக்கிறேன். அந்தத் தந்தையாருக்கு என்னால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. அவர் வாதத்தின் முதல் பாதி என்னுடையது அல்லவா?

அந்த அட்டையில் இல்லாத ஓர் உயிரணுவைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். உதவி டி உயிரணு என்பது அதன் பெயர். எலும்பு மச்சையில் பிறந்து, மார்பெலும்பின் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவம் அடைகிறது. இதன் முதன்மையான வேலை கிருமியைக் கொல்வது அன்று, கொல்பவர்களுக்கு வழிகாட்டுவது. ஆனால் இது அழிந்தால் என்னவாகும் என்பதை எச்.ஐ.வி. நமக்குக் காட்டிவிட்டது. அந்தக் கிருமி தாக்குவது இந்த உயிரணுவைத்தான். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவற்றின் எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கும்போது, நலமானவர்களை அண்டாத நோய்கள்கூட அந்த நோயாளியை வீழ்த்துகின்றன.

கிருமி உள்ளே நுழைந்ததும், கிளைக்கரங்கள் கொண்ட ஒரு காவல் உயிரணு அதன் துண்டுகளைச் சுமந்துகொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவிற்குச் செல்கிறது. அங்கே அத்துண்டு எந்த உதவி உயிரணுவுக்குப் பொருந்துகிறதோ அது விழிக்கிறது. பொருந்தினால் மட்டும் போதாது. 'இது உண்மையான ஆபத்துதான்' என்னும் இரண்டாவது உறுதிப்பாடும் வேண்டும். அதன்பின் வருவதுதான் முக்கியம். சுற்றிலும் எந்த வேதித் தூது நிறைந்திருக்கிறதோ, அதற்கேற்ப அந்த உயிரணு ஒரு வகையாக மாறுகிறது. இன்டர்லூக்கின் 12 மிகுந்திருந்தால் முதல் வகை. இன்டர்லூக்கின் 4 மிகுந்திருந்தால் இரண்டாம் வகை. இவ்விரண்டையும் 1986இல் மோஸ்மன், காஃப்மன் ஆகியோர் எலியின் உயிரணுக்களில் பிரித்துக் காட்டினர்.

முதல் வகை, காசநோய்க் கிருமியை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் திணறும் பெருவிழுங்கி உயிரணுக்களைத் தூண்டிவிடுகிறது. இரண்டாம் வகை குடற்புழுக்களை வெளியேற்ற உதவுவது. சளியைப் பெருக்கும், குடலை இறுக்கும். அதே வகை வீட்டுத் தூசியைக் கண்டு தவறாக எழுந்தால் மூச்சிரைப்பு வருகிறது. நம் வகுப்புகளில் பையில் இன்ஹேலரோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பலருக்கு நடப்பது இதுதான். மேலும் சில வகைகள் உள்ளன. நிணநீர்க் கணுவிலேயே தங்கி, எதிர்ப்பொருள் சுரக்கும் பி உயிரணுக்களைப் பயிற்றுவிக்கும் வகையை மட்டும் நினைவில் வையுங்கள். (நம்மைப் போல் அதுவும் ஓர் ஆசிரியர்!)

பள்ளித் தோட்டத்திற்குச் செடி வாங்கச் சுங்கை பூலோ செல்லும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தச் செடிப் பண்ணைகளை ஒட்டியே 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு இருக்கிறது. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். கிருமி ஒன்றுதான். ஆனால் நோயோ ஒருவருக்கு ஒருவிதம். அதனை எதிர்கொள்வோரில் பெரும்பாலோருக்கு நோயே வருவதில்லை. சிலருக்கு உணர்ச்சியற்ற ஓரிரு தேமல்களோடு நிற்கிறது. அவர்களிடம் முதல் வகை உதவி உயிரணுக்கள் ஓங்கியிருக்கின்றன. தோலில் கிருமிகள் மிகக் குறைவு. வேறு சிலருக்குத் தோலெங்கும் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. இவர்களிடம் ஓங்கியிருப்பது இரண்டாம் வகை. இடைப்பட்ட நிலைகளும் உண்டு.

இரண்டாம் கூட்டத்தாருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்றுதானே நினைப்போம்? அவர்கள் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் ஏராளம்! கிருமியோ உயிரணுக்களின் உள்ளே ஒளிந்திருக்கிறது. வெளியே திரியும் எதிர்ப்பொருள் எவ்வளவு கூடி என்ன பயன்? மாறாக, முதல் கூட்டத்தாரின் நரம்புகளைச் சிதைப்பதில் அவர்களின் சொந்த எதிர்வினைக்கே பெரும் பங்குண்டு. இன்று கூட்டு மருந்துகளால் முற்றாகக் குணமாகும் நோய் இது. இருப்பினும், இனி அங்கே செம்பருத்திச் செடி வாங்கப் போகும்போதெல்லாம் என் மணிலா அட்டை நினைவுக்கு வந்து உறுத்தும்.

ஆகவேதான் கேட்கிறேன், 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று டப்பாவில் அச்சிடுகிறார்களே, எந்த வகையைக் கூட்டும்? மூச்சிரைப்புள்ள பிள்ளைக்கு இரண்டாம் வகையைக் கூட்டினால் அது நன்மையா? எதிர்ப்பை அடக்கி வைப்பதற்கென்றே நம் உடலில் ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றைக் குறித்த கண்டுபிடிப்புகளுக்காகத்தான் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சக்காகுச்சி மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவை செயல்படாமல் பிறக்கும் ஆண் குழந்தைகள் மிக அரிதாக இருக்கிறார்கள். அக்குழந்தைகளின் குடலையும் கணையத்தையும் தாக்குவது கிருமி அன்று; கட்டுக்கடங்காத அவர்களின் எதிர்ப்புச் சக்தியே.

உணவு வேண்டாம் என்று நான் கூறவில்லை. பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு முட்டையும் பருப்பும் உண்மையிலேயே நோயைத் தடுக்கும். ஆனால் மூன்று வேளையும் நன்றாக உண்ணும் பிள்ளைக்கு அந்த 200 ரிங்கிட் மாவு, தொண்டை அடைப்பானின் நச்சு எப்படி இருக்கும் என்று ஒருபோதும் சொல்லித் தராது. தடுப்பூசி சொல்லித் தரும். வீரியம் நீக்கிய அந்த நச்சை உதவி உயிரணு முன்கூட்டியே பார்த்து, பி உயிரணுக்களைப் பயிற்றுவித்து, நினைவிலும் வைத்துக்கொள்கிறது. ஏழு வயதில் போடும் ஊசி அந்த நினைவைப் புதுப்பிக்கிறது. 2016இல் மலாக்காவிலும் கெடாவிலும் தொண்டை அடைப்பானால் குழந்தைகள் இறந்ததை நாம் அதற்குள் மறந்துவிட்டோமா?

"பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியுமா? வீரர் கதைதான் எளிது" என்றார் சக ஆசிரியர் ஒருவர். சென்ற வாரம் சோதித்துப் பார்த்தேன். "சிற்றுண்டிச் சாலையில் பாம்பு புகுந்துவிட்டது. அலுவலகக் கிராணி யாரை அழைப்பார்?" என்று கேட்டேன். "பொம்பா!" என்று வகுப்பே கத்தியது. "ஒரு மாணவன் மயங்கி விழுந்தால்?" "ஆம்புலன்ஸ்!" "கழிவறைக் குழாய் உடைந்தால்?" "குழாய் சரிசெய்பவர்!" பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், கிராணி தப்பாகக் கேட்டுக்கொண்டு குழாய்க்குப் பொம்பாவை அழைத்தால்?" என்றான். ஒவ்வாமையைப் பற்றி நான் எடுக்கவிருந்த பாடத்தை அவனே தொடங்கிவிட்டான்.

அந்தத் தந்தையாரிடம் மீண்டும் பேசினேன். நான் பாதிதான் கற்பித்தேன் என்பதை ஒப்புக்கொண்டு, கிராணி கதையைச் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "வீட்டில் கலந்து பேசுகிறேன் டீச்சர்" என்றார். புதிய படிவம் ஒன்றைப் பிள்ளையின் புத்தகப் பையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். தாதியர் வியாழக்கிழமை வருகிறார்கள்.