மூலம் சிதையாத ஆய்வு

தமிழாய்வு மாணவர் கணிப்பொறியைத் தட்டச்சுக்கு மட்டுமே பயன்படுத்துதல் போதாது. பாடக்கோப்பின் வரிகளைச் சார்புமுறை நிரலாக்கத்தால் ஆராயவும் அவர்கள் கற்றல் வேண்டும் என்பது என் கருத்து.

சார்பு என்பது கணிதம் தந்த சொல். அஃது ஒன்றைப் பெற்று வேறொன்றைத் தரும், பெற்றதைச் சிதைக்காது. ஜான் மெக்கார்த்தி 1958இல் வடிவமைக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழி இந்நெறியின் முன்னோடி. 1973இல் பெல் ஆய்வகத்து யுனிக்ஸ் அமைப்பில் இடம்பெற்ற 'குழாய்' முறையும் இதற்கு நெருங்கிய உறவினதே. அங்கு ஒரு நிரலின் விளைவு அடுத்த நிரலுக்கு உள்ளீடாகிறது.

திருக்குறட் கோப்பு ஒன்றைச் சான்றாகக் கொள்வோம். 1330 குறட்பாக்களுக்கு 2660 அடிகள். அவற்றிடையே அதிகாரத் தலைப்புகளும் வெற்று வரிகளும் கலந்திருக்கும். முதற்சார்பு, அடியல்லாத வரிகளை வடிகட்டும். அடுத்தது, ஒவ்வோர் அடியையும் இடைவெளி நோக்கிச் சீர்களாகப் பிரிக்கும். இறுதிச் சார்பு, அவற்றை எண்ணித் திரட்டும். குறளுக்கு 7 சீர். ஆகவே மொத்தம் 9310 வருதல் வேண்டும். வேறு எண் வருமாயின், வரி விடுபட்டதோ, சீர் பிளவுபட்டதோ என்று தேடலாம். மூலக்கோப்போ தொடக்கத்தில் இருந்தவாறே இருக்கும்.

"எண்ணுவதா இலக்கிய ஆய்வு?" என்று சான்றோர் வினவலாம். எண்ணுதல் நயம் காண்பதன்று, உண்மையே. ஆயினும், 'இச்சொல் இந்நூலில் இத்தனை இடங்களில் பயில்கிறது' என்று ஆய்வேட்டில் எழுதுவோர் அதற்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவர். அட்டைகளில் குறித்து எண்ணியதைப் பிறர் சரிபார்க்க வேண்டுமாயின் நூல் முழுவதையும் மீண்டும் எண்ணுதல் வேண்டும். சார்புகளின் வரிசையை எழுதிவைத்தால், அதே கோப்பைக் கொண்டு எவரும் அதே விடையைப் பெறலாம்; பிழையிருப்பின் எந்தப் படியில் என்றும் சுட்டலாம்.

இப்பணியைக் கணிப்பொறித் துறையினரிடம் மட்டும் விட்டுவிடுதலும் தகாது. 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து. ஒருங்குறியிலோ அது ககரமும் உயிர்க்குறியுமாக இரு குறியீடுகள். அவ்வுயிர்க்குறியையே ஒன்றாகவும், கொம்பும் காலுமாகப் பிரித்தும் பதியலாம். இவற்றை முதலில் ஒருமைப்படுத்தாவிடின் ஒரே சொல் இரண்டாக எண்ணப்படும். எது எழுத்து, எது சீர், எது அடி என வரையறுத்தல் தமிழறிந்தார் கடன்.

ஆதலின், முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டத்தில் இதற்கென ஒரு தாளேனும் அமைதல் வேண்டும். தாம் கண்ட முடிவைப் பிறர் சோதிக்க இடந்தருவதே ஆய்வாளர்க்கு அழகு.