ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்!

போன மழைக்காலத்தில் ஒரு காலை. திரேஸ்புரத்திலிருந்து ஓர் இளம் அம்மா, நான்கு மாதக் கைக்குழந்தையைத் துண்டில் பொதிந்து தூக்கி வந்திருந்தார். கூடவே மாமியார்.

"வெறும் சளிதான் டாக்டரம்மா. மூத்தவன் ஸ்கூல்ல இருந்து கொண்டாந்தது. இவதான் சும்மா பயந்துக்கிட்டு இருக்கா" என்றார் ஆச்சி.

அம்மா மெதுவாகச் சொன்னார்: "காய்ச்சல்கூட பெருசா இல்ல. ஆனா நேத்து ராத்திரியில இருந்து மூச்சு வேக வேகமா விடுதான். பால் குடிக்க ஆரம்பிச்சு, பாதியிலயே விட்டுடுதான்."

சட்டையை விலக்கி எண்ணினேன். நிமிடத்துக்கு 64. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே பள்ளம் விழுந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 89 சதவிகிதம். அன்றே அட்மிட் செய்தோம். ஐந்தாம் நாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

நோயைக் கண்டுபிடித்தது நான் அல்ல, அந்த அம்மாதான். அவர் கணவர் சங்கு குளிக்கப் போகிறவர். கடலுக்கடியில் இருப்பவரால் பேச முடியாது. படகில் இருப்பவர்தான் அவர் மூச்சைக் கவனிக்க வேண்டும். நான்கு மாதக் குழந்தையும் அப்படித்தான்.

சளி எப்போது ஆபத்தாகிறது?

பெரியவர்களுக்கு மூக்கொழுகலோடு போய்விடும் வைரஸ்தான், கைக்குழந்தைக்கு நுரையீரல் வரை இறங்குகிறது. இதில் முதலிடம் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸுக்கு. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இது ஒருமுறையாவது தொட்டுவிடும். பெரும்பாலோருக்குச் சாதாரண சளிதான். சிலருக்கு மட்டும் நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழல்கள் வீங்கி, சளி அடைத்து, மூச்சுவிடுவதே பெரும் வேலையாகிவிடுகிறது. இதை 'பிராங்கியோலைட்டிஸ்' என்கிறோம். சளி பிடித்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இது உச்சத்தில் இருக்கும். குறைமாதக் குழந்தைகள், பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர்கள், மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

வேலூர் சொல்லித்தந்த பாடம்

சாதாரண சளியையும் நுரையீரல் தொற்றையும் எப்படிப் பிரித்தறிவது? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் உள்ளிட்ட மருத்துவர்கள் இந்தக் கேள்வியை ஆராய்ந்து, 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50-க்கு மேல், ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் 40-க்கு மேல் மூச்சு போனால், அது நுரையீரல் தொற்றின் நம்பகமான அடையாளம் என்றார்கள். அதோடு, 'மூச்சு வேகமா இருக்கு' என்று வீட்டார் சொல்வதும் நம்பத்தக்க அடையாளமே என்று கண்டார்கள். நெஞ்சில் பள்ளம் விழுவது நோய் கடுமையான குழந்தைகளிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. லேசான தொற்றில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது மூச்சின் வேகம்தான்.

எப்படி எண்ணுவது?

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்குங்கள். தூங்கும்போது எண்ணினால் இன்னும் நல்லது. செல்போனில் ஸ்டாப்வாட்ச்சைப் போடுங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக 60 விநாடிகள் எண்ண வேண்டும். கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது என்பதால், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பிவிடும். காய்ச்சல் இருந்தால் மூச்சு கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கும். காய்ச்சல் இறங்கியதும் இன்னொரு முறை எண்ணுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகள் இவை:

* 2 மாதத்துக்குள்: 60 அல்லது அதற்கு மேல்
* 2 முதல் 12 மாதத்துக்குள்: 50 அல்லது அதற்கு மேல்
* 1 முதல் 5 வயதுக்குள்: 40 அல்லது அதற்கு மேல்

இந்த அளவைத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த பெரியவர்களுக்கான ஆக்சிமீட்டரைக் குழந்தையின் விரலில் மாட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அது சரியாகக் காட்டாது.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

* விலாவுக்குக் கீழே பள்ளம் விழுவது, மூக்குத் துளைகள் விரிவது, மூச்சுவிடும்போது முனகுவது
* பால் குடிக்க முடியாமல் போவது அல்லது வழக்கத்தில் பாதிகூடக் குடிக்காதது
* மூச்சு இடையில் நின்று நின்று வருவது
* உதடு, நாக்கு நீலம் பூப்பது
* எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது, வலிப்பு

இதில் ஒன்று இருந்தாலும், நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள்.

'எந்த வைரஸ்னு டெஸ்ட் பண்ண வேண்டாமா?'

2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் எச்.எம்.பி.வி. தொற்று உறுதியானபோது, தினமும் இந்தக் கேள்வி வந்தது. அது புதிய வைரஸ் அல்ல; 2001-லேயே நெதர்லாந்தில் கண்டறியப்பட்டதுதான். ஆர்.எஸ்.வி.யோ எச்.எம்.பி.வி.யோ, பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சை ஒன்றுதான்: மூக்கைச் சுத்தமாக வைப்பது, பால் போதுமான அளவு இறங்குவது, தேவைப்பட்டால் ஆக்சிஜன். பிராங்கியோலைட்டிஸை மருத்துவர் பார்த்தும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுமே கண்டுபிடிப்பார். எல்லாருக்கும் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. பாக்டீரியா தொற்றாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் மருத்துவரே அதற்கான பரிசோதனையும் மருந்தும் எழுதுவார்.

வீட்டில் செய்ய வேண்டியதும் கூடாததும்

தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். அதற்கு முன் உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டால் அடைப்பு இளகும்.

மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் வேறு நிமோனியா வரும். தலைக்கு ஊற்றியதும் காட்டும் சாம்பிராணிப் புகையும், வீட்டுக்குள் பிடிக்கும் சிகரெட்டும், பீடியும் வீங்கிய மூச்சுக்குழலை மேலும் வாட்டும். கற்பூரத்தைக் கைக்குழந்தையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் இருமல் மருந்து வேண்டவே வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது என்று மத்திய சுகாதாரத் துறையே அப்போது அறிவுறுத்தியது.

ஐப்பசி, கார்த்திகை மழை, அதன் பின்னே கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வீடு நிறையும் காலத்தில், சளி பிடித்தவர்கள் குழந்தையைக் கொஞ்சி முத்தமிட வேண்டாம். பள்ளியிலிருந்து வரும் அண்ணனும் அக்காவும் கைகழுவிவிட்டுத் தூக்கட்டும்.

பத்து நாள் கழித்து ஆச்சி மட்டும் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருமல் இன்னும் கொஞ்சம் இருந்தது. அது இரண்டு, மூன்று வாரம் இருக்கும் என்றேன்.

"அது கெடக்கட்டும் டாக்டரம்மா. காலையில தூங்கும்போது நானே எண்ணிப் பாத்தேன். முப்பத்தெட்டு. சரிதானா?"

"சரிதான் ஆச்சி" என்றேன்.