யாழினிக்கு எத்தனை எழுத்து?

தமிழிலே மூன்றே எழுத்து. யா, ழி, னி. பெயர் சூட்டும் நாளன்று பாட்டிக்கும் அய்யமில்லை, பக்கத்து வீட்டாருக்கும் அய்யமில்லை. அழைத்தால் இனிக்கிறது, எழுதினால் அழகாயிருக்கிறது. பிறகு எங்கிருந்து வருகிறது பூசல்? ஆங்கிலத்தில் எழுதுகிறபோது வருகிறது!

திருப்பூரிலே பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக உழைக்கும் தோழர் ஒருவர் நம்மிடம் வந்து முறையிட்டார். அவருடைய துணைவியாரும் அதே தொழிலில்தான், செக்கிங் பிரிவு. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உண்மைப் பெயரை இங்கே வெளியிடவில்லை, யாழினி என்றே வைத்துக்கொள்வோம். தகப்பனார் 'இசட்-எச்' போட்டு எழுத வேண்டும் என்கிறார். தாயார் 'எல்' போதும் என்கிறார். இடையிலே தாய்மாமன் புகுந்தார், கையிலே ஒரு துண்டுச் சீட்டோடு! எண் சோதிடர் எழுதிக் கொடுத்த சீட்டு. நடுவிலே ஓர் 'ஏ' கூடுதல், கடைசியிலே ஓர் 'ஐ' கூடுதல். அப்படி எழுதினால்தான் பிள்ளைக்கு யோகமாம். கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசிப் பதினொரு நாளாகிறதாம். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

சிறு செய்தி என்று சிலர் சிரிக்கலாம். நாம் சிரிக்க மாட்டோம். பெயர் என்பது இந்த நாட்டிலே சிறு செய்தியாக இருந்ததே இல்லை. 1929-இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டிருந்த சாதி வாலை வெட்டி எறியச் சொன்னது. வேதாசலம் மறைமலையானார். நாராயணசாமி நெடுஞ்செழியனானார். இராமையா அன்பழகனானார். ஊர் ஊராக, மேடை மேடையாக, தோழர்கள் தூக்கி வந்து நீட்டிய குழந்தைகளுக்குத் தலைவர்கள் தமிழ்ப் பெயர் சூட்டினார்கள். ஆனால் ஒன்று, மேடையிலே பெயர் சூட்டிய எந்தத் தலைவரும் ஆங்கிலத்தில் அதற்கு என்ன எழுத்து என்று சொல்லிவிட்டு இறங்கியதில்லை! அந்த வேலை வீட்டுக்கு விடப்பட்டது. வீட்டிலே அது வழக்காகி நிற்கிறது.

முதலில் அந்தத் துண்டுச் சீட்டைத் தீர்த்துவிடுவோம். அதற்கு அதிக நேரம் தேவையில்லை, ஆனாலும் கணக்கைக் கணக்காலேயே தீர்ப்பதுதான் முறை.

தமிழகத்து எண் சோதிடர்கள் பெரும்பாலோர் கையாளும் அட்டவணை, கீரோ என்பவரின் நூலைப் பார்த்து வந்தது. 1866-இல் அயர்லாந்திலே பிறந்து 1936-இல் மறைந்த கைரேகைக்காரர் அவர். கீரோ என்பதும் அவர் இட்டுக்கொண்ட புனைபெயர்தான். அவருடைய அட்டவணைப்படி ஏ, ஐ, ஒய் ஆகியவற்றுக்கு 1; எல்லுக்கு 3; எச், என் இரண்டுக்கும் 5; இசட்டுக்கு 7. இப்போது கூட்டுங்கள் தோழர்களே! தகப்பனார் எழுதுகிற யாழினிக்கு 1, 1, 7, 5, 1, 5, 1, ஆக 21. இரண்டையும் ஒன்றையும் சேர்த்தால் 3. தாயார் எழுதுகிற யாழினிக்கு 1, 1, 3, 1, 5, 1, ஆக 12. ஒன்றையும் இரண்டையும் சேர்த்தால் அதுவும் 3! பதினொரு நாள் பேசாதிருக்கும் இருவருக்கும் சோதிடக் கணக்கிலே வேறுபாடே இல்லை.

அந்த 3 இந்தப் பிள்ளைக்கு ஆகாதாம். ஆகவே ஓர் 'ஏ', ஓர் 'ஐ' சேர்த்து 23 ஆக்கி, 5 என்று முடித்திருக்கிறார் சோதிடர். சரி, இன்னொரு அட்டவணையும் உலகத்தில் இருக்கிறதே! பித்தகோரசு என்ற கிரேக்க அறிஞரின் பெயரைச் சொல்லி வழங்குவது அது. (அவர் வாழ்ந்த காலத்தில் ஆங்கிலம் என்றொரு மொழியே இல்லை. அதைக் கேட்பார் யார்?) அதிலே ஏ முதல் ஐ வரை 1 முதல் 9, பிறகு மறுபடியும் 1. அந்தக் கணக்கிலே தகப்பனாரின் எழுத்துக்கு 47, அதாவது 11, அதாவது 2. தாயாரின் எழுத்துக்கு 34, அதாவது 7. சோதிடர் திருத்திக் கொடுத்த எழுத்துக்கு 57, அதாவது 12, அதாவது 3! எந்த மூன்றுக்கு அஞ்சி இரண்டு எழுத்தை விலைக்கு வாங்கினாரோ, அந்த மூன்றே அடுத்த அட்டவணையில் வாசலில் வந்து நிற்கிறது. எந்தக் கிரகம் எந்த அட்டவணையைப் படிக்கிறது என்று தாய்மாமன் கேட்டுச் சொல்லட்டும்.

இதிலே நமக்கு ஒரு வருத்தமும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. பொதுக்கூட்டத்திலே பகுத்தறிவுக்குக் கை தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் பெயரிலே ஓர் எழுத்தை ஓசையில்லாமல் செருகுகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். சுவரொட்டியிலே பார்க்கிறோம், அழைப்பிதழிலே பார்க்கிறோம். தமிழிலே பெயர் ஒழுங்காக நிற்கிறது. ஆங்கிலத்திலே மட்டும் வால் முளைத்திருக்கிறது. சாதி வாலை வெட்டிய கை, எண் வாலை ஒட்டலாமா?

எழுத்தை மாற்றுவதே கூடாது என்று பேசுகிற பழமைவாதிகள் என்று நம்மை எவரும் எண்ண வேண்டாம். எழுத்தை மாற்றிய இயக்கம் இது! 1935-இல் தந்தை பெரியார் 'குடி அரசு' ஏட்டிலே எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். யானைத் துதிக்கை போல வளைந்து கிடந்த லை, னை, ணை, ளை எல்லாம் நிமிர்ந்தன. றா, னா, ணா எல்லோரும் அறிந்த துணைக்காலோடு நடந்தன. 1978-இல் தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது. அந்த மாற்றத்தால் என்ன பயன்? அச்சுக் கோப்பவனுக்கு வேலை குறைந்தது, பலகையிலே எழுதிப் பழகும் பிள்ளைக்குப் பாரம் குறைந்தது. துண்டுச் சீட்டு மாற்றத்தால் யாருக்குப் பாரம் குறைகிறது? பிள்ளைக்கு ஏறுகிறது. ஆயுள் முழுதும் ஏறுகிறது.

போகட்டும். சீட்டு ஒழிந்தது. மிச்சமிருப்பது உண்மையான வழக்கு: தகப்பனாரா, தாயாரா?

தகப்பனார் சொல்கிறார்: "ழகரம் தமிழுக்கே உரிய சிறப்பு. கழகத்துக்காரன் வீட்டிலேயே அதை எல்லாக மாற்றினால் ஊரார் என்ன சொல்லுவார்கள்?" கேட்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் தாயார் சொல்வதையும் கேளுங்கள். அவர் பெயர் 'மொழி' என்று முடிகிறது. "அந்த இசட் படுத்துகிற பாடு எனக்கல்லவா தெரியும்? சூப்பர்வைசர் மோசி என்கிறார். பேங்கிலே மோஜி என்கிறார்கள். என் பிள்ளையும் அதைச் சுமக்க வேண்டுமா?" இது தமிழ்ப் பகையா? இல்லை. பட்டவர் பேசுகிற பேச்சு. ஊரார் என்ன சொல்வார்கள் என்பதைவிட, அந்தப் பெண் பட்டது நமக்குப் பெரிதாகப் படுகிறது.

உண்மை என்னவென்றால், ஆங்கிலத்திலே ழகரம் இல்லை. இசட்-எச்சும் ழகரம் அல்ல, எல்லும் ழகரம் அல்ல. இரண்டும் ஆள் மாற்று. வெள்ளையன் வாயிலே எழும்பூர் எக்மோர் ஆயிற்று, கோழிக்கோடு காலிகட் ஆயிற்று, சோழமண்டலம் கோரமண்டல் ஆயிற்று. ழகரத்தை அவன் தோன்றியபடியெல்லாம் எழுதினான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, 'எல்' எழுத்தின் அடியிலே ஒரு கோடு போட்டு ழகரத்தைக் குறித்தது. ஈழத்துத் தமிழர் பலர் எல் போட்டே எழுதுகிறார்கள். அவர்கள் தமிழ்ப் பற்றிலே நமக்குக் குறைந்தவர்களா? நம் மாநிலத்தின் பெயரிலேயே ஆங்கிலத்தில் எல்தான் நிற்கிறது. ஆகவே, எல் போட்டவரைத் துரோகி என்பதை இன்றோடு விடுங்கள்.

அப்படியானால் எதுவாக இருந்தாலும் ஒன்றுதானா? அல்ல. நாம் இசட்-எச் பக்கம்தான் சாய்கிறோம். காரணம் பெருமையல்ல, வழித்தடம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிற பெயர் அங்கேயே தங்கிவிடுவதில்லை. வாக்காளர் பட்டியலுக்காக, குடும்ப அட்டைக்காக, மறுபடியும் தமிழுக்குத் திரும்புகிறது. எல் போட்டுப் போன யாழினி திரும்பி வருகையில் யாலினியாக வருவாள், யாளினியாக வருவாள். வீட்டை அடையாளம் தெரியாமல் தெருவிலே நிற்பாள். இசட்-எச்சோ தமிழகத்துப் பதிவேடுகளில் ழகரத்துக்கென்றே பழகிப் போன தடம். கேரளத்திலும் கோழிக்கோட்டுக்கும் ஆலப்புழைக்கும் அதே தடம்தான். தாயார் இதை ஏற்கவில்லையென்றால்? எல்லையே எழுதுங்கள். சுமந்து பெற்றவள் சொல்லுக்கு அந்த எடை உண்டு. ஆனால் எழுதுவதை எல்லா இடத்திலும் ஒன்றேயாக எழுதுங்கள்!

இங்கேதான் உழைக்கும் தோழர்கள் காது கொடுக்க வேண்டும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலே ஒரு பெயர், ஆதாரிலே ஒரு பெயர் என்று ஓர் எழுத்து பிசகியதற்காகத் தன் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் அலைந்தவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். முதலாளியிடம் கையெழுத்து, கூட்டு உறுதிமொழிப் படிவம், மறுபடி வரிசை, மறுபடி ஒரு நாள் கூலி இழப்பு. பள்ளிச் சான்றிதழ் பிசகினால் அரசிதழிலே பெயர் மாற்ற அறிவிப்பு. சோதிடர் சேர்த்த ஓர் எழுத்துக்குத் தட்சணை ஒரு முறைதான் என்று நினைக்காதீர்கள். பிள்ளை வளர வளர அது வட்டியோடு கட்டும்.

முன்பைவிட இப்போது இதற்கு எடை கூடியிருக்கிறது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, எல்லாவற்றுக்கும் பிறந்த நாளையும் இடத்தையும் காட்டுகிற சான்று அந்தப் பிறப்புச் சான்றிதழே. அதிலே விழுகிற எழுத்துத்தான் முதல் எழுத்து. பிழையைத் திருத்தச் சட்டத்திலே பிரிவு உண்டு. மனம் மாறியதைத் திருத்த அதை நம்பக் கூடாது.

அரசே ஒரு முறை இந்த எழுத்து வழக்கிலே இறங்கிப் பார்த்தது. 2020 சூன் மாதம், தமிழ் ஒலிப்புக்கு ஒத்தபடி 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை வெளிவந்தது. நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் வேலூரிலே இரண்டு 'ஈ' விழுந்து வீலூர் என்று படிக்கும்படி ஆயிற்று. கோயம்புத்தூர் நாக்கைச் சுழற்றும் நீளத்துக்குப் போயிற்று. மக்கள் கேலி செய்தார்கள். சில நாளிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர் தாங்கும், பின்னாலே அரசு இருக்கிறது, ஒரு தாளிலே மாற்றி ஒரு தாளிலே திருப்பிக்கொள்ளும். நம் யாழினிக்குப் பின்னாலே இருப்பது இரண்டு பேர், அவர்கள் வாங்குகிற வாரக் கூலி.

ஆகவே பேறுகால வார்டு வாசலிலே நின்று சண்டையிட வேண்டியதில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அவ்வளவுதான். பெயர் இல்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஓராண்டு அவகாசத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறது. பேசுங்கள். மனைவியோடு பேசுங்கள், மாமனோடு அல்ல. தாய், தகப்பன் இருவரின் சான்றுகளையும் எதிரே வைத்து, அவற்றிலே தகப்பன் பெயரும் தாய் பெயரும் என்ன எழுத்தில் இருக்கின்றன என்று பார்த்து, அதே எழுத்தையே படிவத்தில் எழுதுங்கள். படிப்பகங்களில் இருக்கும் தோழர்கள் இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளட்டும்.

பதிவு அலுவலகத்துக்குப் போகுமுன் ஒரு வெள்ளைத் தாளிலே, மேலே தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும், பெரிய எழுத்தில் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இருவரும் படித்துப் பாருங்கள். அங்கே போய் வாயால் சொல்லி எழுத வைக்காதீர்கள், தாளையே கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம் என்று மடித்துப் பையில் வைக்காமல், அந்தச் சன்னலிலேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சரி பார்த்துவிட்டு நகருங்கள்.