கம்பளையில் கோபுரம் மட்டும்தானா இருக்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வந்தால் பரவாயில்லை, முழுதாக வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பாடசாலை விடுமுறை விட்டால் மூதூர், கிண்ணியா, தோப்பூர் என்று நமது பக்கத்திலிருந்து வேன் வேனாக மலைநாட்டுக்குப் போகிறோம். இஷா தொழுதுவிட்டு இரவோடு இரவாகப் புறப்பட்டால் விடியும்போது கண்டி. அங்கிருந்து கம்பளை, பிறகு நுவரெலியா. கம்பளையில் என்ன? அம்புளுவாவக் கோபுரம். வரிசையில் நின்று ஏறுவோம், காற்றுக்குப் பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு வீடியோ எடுப்போம், இறங்கி வந்து சோற்றுச் சட்டியைத் திறப்போம். அடுத்தது நுவரெலியா. வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 24 மணித்தியாலம் கம்பளை இருக்கும். அதற்குப் பிறகு நமது பிள்ளைகளின் தலையில் கம்பளை என்று ஒன்று இருக்காது.

இந்த விடுமுறையில் நாங்களும் குடும்பமாகப் போனோம். உம்மா, மனைவி, பிள்ளைகள், தங்கச்சி வீட்டார் என்று 14 பேர். கோபுரத்தில் ஏறுவது ஹராம் என்று சொல்ல வரவில்லை. நாங்களும் ஏறினோம், அழகான இடம்தான். அந்த மலையில் பௌத்த, இந்து, கிறிஸ்தவ வணக்கத்தலங்களோடு ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. ஆனால் டவுனுக்குள் மகாவலிப் பாலத்தைக் கடக்கும்போது தரம் 8 படிக்கும் என் மகள் கேட்டாள்: “வாப்பா, இங்க நம்மட ஆக்கள் எப்ப வந்தாங்க?”

வேனில் பெரியவர்கள் ஆறு பேர் இருந்தோம். ஒருவர் “வியாபாரத்துக்கு வந்திருப்பாங்க” என்றார். இன்னொருவர் “வெள்ளைக்காரன் காலத்துல” என்றார். அதோடு பேச்சு சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டது.

இந்தப் பதிவு அந்தப் பதில்களைப் பற்றியது. “நீங்கள் எப்ப வந்த ஆட்கள்?” என்று வெளியில் யாராவது கேட்டால் நமக்குக் கொதிக்கிறது. பக்கம் பக்கமாக எழுதுகிறோம், மேடையில் முழங்குகிறோம். அதே கேள்வியை நமது பிள்ளை கேட்டால் பதிலில்லை. பதில் கிடைக்கும் ஊருக்குள்ளேயே வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதும் பதிலில்லை.

கம்பளை என்ன ஊர் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

இது ஒரு இராசதானி. கங்கசிரிபுர என்பது பழைய பெயர்களில் ஒன்று. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நான்காம் புவனேகபாகு மன்னன் தலைநகரை இங்கே கொண்டு வந்தான். பிறகு கோட்டை தலையெடுக்கும்வரை ஏறக்குறைய 70 வருடங்கள் சிங்கள மன்னர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். நமது கொட்டியார்க் குடாவில் வந்து கலக்கும் அதே மகாவலிதான் அந்தத் தலைநகரையும் சுற்றி ஓடியது. அந்தத் தண்ணீர் நமக்கு அந்நியமில்லை. அந்த ஊர் மட்டும் எப்படி அந்நியமாகப் போனது?

1344ஆம் ஆண்டைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கிக் கொடுங்கள். அந்த வருடம்தான் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். புத்தளம் பக்கம் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு பாவாதமலைக்குப் பயணமானார். வழியில் குனகார் என்ற தலைநகரைக் கண்டதாகவும், அதற்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் உஸ்மான் என்பவரின் பள்ளிவாசல் இருந்ததாகவும், அந்த ஊர் மன்னனும் மக்களும் அவரைக் கண்ணியப்படுத்தியதாகவும் எழுதி வைத்திருக்கிறார். மலைக்கு வழிகாட்டியவர்களும் அவரும் அவருடைய வீட்டாரும்தான்.

இந்தக் குனகார் கம்பளை என்று சில ஆய்வாளர்களும், குருநாகல் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். நமது பேச்சாளர்களுக்கு இந்த நுணுக்கம் தேவைப்படுவதில்லை. ஒருவர் கம்பளை என்று அடித்துச் சொல்வார், அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் குருநாகல் என்று அடித்துச் சொல்வார். பிள்ளைக்கு இரண்டையும் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும், 680 வருடங்களுக்கு முன்னால் இந்நாட்டு மன்னனின் தலைநகர் வாசலில் ஒரு பள்ளிவாசல் மரியாதையோடு நின்றது என்ற உண்மை மாறாது. உண்மையே போதுமான பலம் உள்ளது. அதற்கு மேல் பூச்சு வேண்டாம்.

அதே 1344ஐச் சேர்ந்தவைதான் கம்பளைக்கும் கண்டிக்கும் இடையில் இருக்கும் கடலாதெனிய, லங்காதிலக விகாரைகள். கடலாதெனியவைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. லங்காதிலகவில் பாறையில் வெட்டிய சாசனம் சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. ஆம், தமிழில்தான். நீங்களும் நானும் வீட்டில் பேசும் மொழி, சிங்கள மன்னனின் காலத்தில், மலைநாட்டில், ஒரு விகாரையின் பாறையில். “தமிழ் பேசுறவனுக்கு வடக்கு கிழக்கை விட்டா இடமில்ல” என்று யாராவது நமது பிள்ளையிடம் சொன்னால், அந்தப் பாறையைக் கண்ட பிள்ளைக்குக் கோபம் வராது, சிரிப்புத்தான் வரும்.

இங்கேதான் சில சகோதரர்கள் குறுக்கே வருவார்கள். “சிலை இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகச் சொல்றீங்களா சேர்?”

யாரையும் வணங்கச் சொல்லவில்லை. ஒரு கல்வெட்டைப் பார்க்கச் சொல்கிறேன். பூமியில் பிரயாணம் செய்து முன்னிருந்தோருக்கு என்ன நடந்தது என்று பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் சொல்வதை நீங்களே பயானில் சொல்கிறீர்கள். பார்க்கப் போன இடத்தில் மற்றவரின் வணக்கத்தலம் இருந்தால், அவர்களின் ஒழுங்குக்கு மரியாதை கொடுத்து, தூரத்தில் நின்று, பார்த்துவிட்டு வரத் தெரியாத அளவுக்கா நமது ஈமான் மெலிந்து போயிருக்கிறது? அப்படியே உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் போக வேண்டாம். ஆனால் போகாததற்கு மார்க்கத்தைக் காரணம் சொல்லிவிட்டு, கோபுரத்துக்கு முன்னால் பாட்டுப் போட்டு டிக்டொக் எடுக்காதீர்கள்.

இனி, கசப்பான பகுதி.

கம்பளையில் அம்பகமுவ வீதி இருக்கிறது. கடைகள் நிறைந்த தெரு. தென்னிந்தியாவிலிருந்து வந்து வியாபாரம் செய்தவர்கள், அதாவது அரசாங்கப் பதிவுகளில் கரையோரச் சோனகர் என்று எழுதப்பட்டவர்கள், அங்கே ஒரு பள்ளிவாசல் வைத்திருந்தார்கள். வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹெரவும் அந்த வீதியால்தான் போகும். பள்ளிக்கு முன்னால் மேளதாளத்தை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். 1912இல் ஆங்கிலேய அதிகாரிகள் அதை நிபந்தனையாக்கினார்கள். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்குப் போட்டார். 1815 கண்டி உடன்படிக்கை எங்கள் சமய உரிமையைக் காக்கிறது என்பது அவர்களின் வாதம். 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்த்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றி எழுதியது. நம்மவர்கள் வென்றார்கள்.

மூன்று மாதம் கழித்து, மே 28 வெசாக் இரவு, கண்டியில் ஒரு பள்ளிவாசலுக்கு முன்னால் தொடங்கிய சச்சரவு கலவரமாகி நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியது. 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. 80க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. பிறகு ஆங்கிலேயன் இராணுவச் சட்டம் போட்டு, சிங்களவர்களைச் சுட்டான். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞனை ஜூலை 7ஆம் திகதி நிறுத்தி வைத்துச் சுட்டுக் கொன்றான். அவனுடைய மரணத்தைச் சிங்களப் பிள்ளைகள் இன்றும் அறிவார்கள். நமது பிள்ளைகளுக்குக் கம்பளை வழக்கு என்று ஒன்று நடந்ததே தெரியாது.

கலவரத்துக்கு அந்த வழக்கு மட்டும் காரணமில்லை. யுத்தகாலத்து விலையேற்றம், கடன், கடைக்காரர்மீது இருந்த எரிச்சல், வதந்தி எல்லாம் சேர்ந்துதான் எரிந்தது. சூறையாடியவனின் குற்றத்தை யாரும் பாதிக்கப்பட்டவன் தலையில் கட்ட முடியாது. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். மேளம் எத்தனை நிமிடம் ஒலிப்பது என்ற விஷயத்தை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து முடித்திருக்க முடியாதா? அதை அதிகாரி கையிலும் நீதிபதி கையிலும் கொடுத்தபோது, தீர்ப்பு ஒருவருக்குக் கிடைத்தது, மனக்கசப்பு எல்லோருக்கும் கிடைத்தது. மன்னனும் மக்களும் கண்ணியப்படுத்திய ஒரு ஷெய்க்கின் வரலாறு உள்ள நாட்டில், இப்படி ஒரு இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம்? மலைநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு முஸ்லிம் குடும்பமும் வேனுக்குள் பேச வேண்டிய கேள்வி இது.

“பழசைக் கிளறாதீங்க சேர், சின்னப் பிள்ளைகளுக்கு வெறுப்பு வந்துடும்” என்பார்கள். நான் வகுப்பில் பிள்ளைகளோடு இருக்கிறவன். வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அரைகுறையாகக் கேட்ட பிள்ளைக்குத்தான் வெறுப்பு வருகிறது. 2018 மார்ச்சில் அதே கண்டி மாவட்டத்தில் திகன எரிந்தபோது நமது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் நெருப்பை மட்டும் பார்த்தார்கள். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று சொல்லிக் கொடுக்க யாரும் இருக்கவில்லை. “சிங்களவன் எல்லாரும் இப்படித்தான்” என்று முடிவெடுத்தார்கள். ஷெய்க் உஸ்மானின் கதையும் கம்பளை வழக்கும் இரண்டும் தெரிந்த பிள்ளை அப்படி முடிவெடுக்காது. உறவு கட்டப்பட்டதும் மனிதர்களால்தான், உடைக்கப்பட்டதும் மனிதர்களால்தான் என்று அதற்குத் தெரியும்.

ஆகவே அடுத்த விடுமுறைக்கு மூன்று காரியங்கள் சொல்கிறேன்.

ஒன்று. பெற்றோரே, புறப்படும் முன் ஒரு மஃரிபுக்குப் பிறகு அரை மணித்தியாலம் பிள்ளைகளை உட்கார வைத்துப் போகும் ஊரின் கதையைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் சரித்திரம் படிப்பிக்கும் ஆசிரியரிடம் கேளுங்கள். எங்களில் யாரும் மாட்டோம் என்று சொல்லப் போவதில்லை.

இரண்டு. கம்பளையில் ஒரு வக்து தொழுகையாவது டவுன் பள்ளியில் தொழுங்கள். தொழுதுவிட்டு ஓடாமல், அங்கிருக்கும் வயதானவர்களுக்கு ஸலாம் சொல்லி நாலு கேள்வி கேளுங்கள். அந்த ஊரில் மூன்று சமூகமும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் எப்படி வாழ்கிறார்கள் என்று அவர்கள் வாயால் பிள்ளைகள் கேட்கட்டும்.

மூன்று. அதிபர்மாரே, ஆசிரியர்களே, கல்விச் சுற்றுலா என்று அனுமதிக் கடிதத்தில் எழுதுகிறோம். அதில் கல்வி எங்கே? நீர்த்தடாகமும் கோபுரமும் ஷொப்பிங்கும் போதுமென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுவோம். இல்லையென்றால் லங்காதிலகப் பாறைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் ஒதுக்குவோம். ஒவ்வொரு பிள்ளையும் திரும்பி வந்து ஒரு பக்கம் எழுதித் தரட்டும்.

இவ்வளவும் செய்வதற்கு ஒரு ரூபாய் கூட மேலதிகமாகச் செலவாகாது. வேன் எப்படியும் அந்த வழியால்தான் போகிறது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பண்பாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கம்பளை, உலப்பனை, நாவலப்பிட்டி பக்கத்தில் உறவு உள்ளவர்கள் உங்கள் மூத்தவர்களிடம் கேட்ட கதைகளைக் கீழே எழுதுங்கள். அவர்கள் போனால் அந்தக் கதைகளும் மண்ணுக்குள் போய்விடும்.

வஸ்ஸலாம்.